பத்தியம் இல்லாத குரூப்

பையை மேல் தட்டுல வைக்கச் சொல்லாதீங்க தம்பி. மடியிலேயே இருக்கட்டும். வாசம் அடிக்குதா? ஜாதிக்காய் அது. இன்னிக்குக் கொஞ்சம் கூடுதலாப் போட்டிருக்கேன், போற காரியம் அப்படி. ஜன்னலைத் தள்ளி விட்டுக்கோங்க, காத்து வந்தா போயிரும்.

இந்த வண்டி விளக்கு வைக்கதுக்குள்ள ராஜபாளையம் போயிருமா? போயிரும்ங்கீங்க. கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டாச்சு. இன்னொரு தடவை கேட்டா கரிவலத்துல இறக்கி விட்டுருவான். விளக்கு வைக்கதுக்குள்ள போயாகணும் தம்பி. காரணம் இருக்கு, பொறவு சொல்லுதேன்.

என் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோயில் ரத வீதியில நாட்டு மருந்துக் கடை. எங்க அப்பா வச்ச கடை. ராஜபாளையத்துல என் பெண்டாட்டி இருக்கா, ஆவுடை. அவ அக்கா வீட்டுல. ஆடி பொறந்ததும் போனவ இன்னும் வரல. ஆடிக்குப் போயி உக்காந்திருக்கதுக்கு அவ என்ன புதுப்பொண்ணா? மகளைக் கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்து, பேரனும் எடுத்தாச்சு. இந்த வயசுல ஆடிக்குப் போயிட்டா.

நாளைக்கு ஆவணி ஒண்ணு. அக்காளும் தங்கச்சியுமாச் சேந்து இட்லி மாவுக் கடை போடுதாகளாம். கிரைண்டர்கூட வந்து இறங்கியாச்சாம். ஆடியில புதுசா எதுவும் தொடங்கக் கூடாதுன்னுதான் நாளைக்குன்னு வச்சிருக்காக. அந்த கிரைண்டர் ஓடிருச்சுன்னா ஆவுடை வர மாட்டா. அவளை எனக்குத் தெரியும், கையில எடுத்த வேலையை லேசுல விட மாட்டா. அதனால இன்னிக்கே கூட்டிட்டு வந்தாகணும். வருவாளோ என்னவோ. பயந்துகிட்டுத்தான் உக்காந்திருக்கேன் தம்பி.

சண்டையான்னு கேக்கீங்க. சண்டையெல்லாம் இல்ல. ஆராய்ச்சி. ஆராய்ச்சியில வந்த வினை.

எங்க கடையில எது பேர் போனதுன்னு எங்க ஊர்ல யார்கிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க. சொல்ல மாட்டாக, சிரிப்பாக. ராஜாங்கச் சூரணம். ஆம்பளைக்கு அந்த விஷயத்துல நாட்டம் குறைஞ்சு போச்சுன்னா குடுக்கது. நெளியாதீங்க தம்பி, மருந்தைப் பத்தித்தானே பேசுதோம். பூனைக்காலி விதை, நீர்முள்ளி விதை, நெருஞ்சி முள், அமுக்கராங் கிழங்கு, ஜாதிக்காய், இன்னும் ரெண்டு சரக்கு இருக்கு, அதைச் சொல்ல மாட்டேன். பாலுல அவிச்சு, நிழல்ல காயப் போட்டு, இடிச்சு, துணியில சலிக்கணும். ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் பதம் பாக்கதுக்குன்னு ஒரு கரண்டி என் வாயில போட்டுக்கிடுவேன். அப்பா சொல்லிக் குடுத்த பழக்கம். கணக்குப் பாத்தா இந்த ஜில்லாவிலேயே ராஜாங்கச் சூரணம் அதிகமாத் தின்னவன் நானாத்தான் இருப்பேன்.

வாங்க வாரவன் ஒருத்தனும் தனக்குன்னு கேக்க மாட்டான். கடையில கூட்டம் இருந்தா எதிர்த்தாப்புல நின்னு சினிமா போஸ்டரைப் பாத்துக்கிட்டிருப்பான். கூட்டம் கலைஞ்சதும் வந்து, "அண்ணாச்சி, ஒரு நண்பருக்கு" அப்படிம்பான். நண்பனுக்காக நண்பன் இவ்வளவு அலையுத ஊரை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. தவசின்னு ஒருத்தர், பத்துப் பன்னெண்டு விசைத்தறி ஓடுது அவருக்கு. மீசையைப் பாத்தாலே பயமா இருக்கும். அவரும் நண்பருக்குத்தான் வாங்குனாரு. "நண்பருக்கு வயசு என்ன"ன்னு கேட்டேன். "என் வயசுதான்"னாரு. "நண்பருக்குச் சர்க்கரை உண்டா"ன்னு கேட்டேன். "போன வருஷம்தான் எனக்கு வந்துச்சு"ன்னு சொல்லிட்டு அவரே நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

இருங்க தம்பி, போன் அடிக்குது. ஹலோ. சொல்லும் தவசி. சித்தரத்தை மேல் வரிசையில மூணாவது டப்பா. அது வசம்பு, அதை எடுத்துக் குடுத்துராதீரும். சரி, சரி.

அவர்தான். இன்னிக்குக் கடையைப் பாத்துக்கிடுதாரு. தறியை விட்டுட்டு வந்து உக்காந்திருக்காரு பாவம். காரணம் இருக்கு, அதுவும் சொல்லுதேன்.

பத்தியம்தான் இதுல முக்கியம். சூரணத்தை நான் ஆம்பளைகிட்ட குடுப்பேன். பத்தியம் நான் சொல்லுதது இல்ல. மறுநாள் அவன் வீட்டுப் பொம்பளை எங்க வீட்டுப் புறவாசல் வழியா வந்து ஆவுடைகிட்ட கேட்டுட்டுப் போவா. பால்ல கலந்து குடுக்கப் போறவ அவதானே. எங்க அம்மா காலத்துலேருந்து அப்படித்தான். பேப்பர்ல எழுதிக் குடுக்கது கிடையாது, பொம்பளைக்குப் பொம்பளை வாயால சொல்லுததுதான். அப்பா வச்ச பத்தியம் சின்னது. புளி ஆகாது, பாகற்காய் ஆகாது, அகத்திக் கீரை ஆகாது. அப்புறம், அரை மண்டலம் பெண்டாட்டியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான். ஆனா புறவாசல்ல அவளும் வந்தவளும் நின்னு பேசுதது அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஓடும். நாலு காய்கறி பேரைச் சொல்ல எதுக்கு இவ்வளவு நேரம்னு நான் சத்தம் போடுவேன். "பத்தியம் கொஞ்சம் கூட்டியிருக்கேங்க"ம்பா. கூட்டுனாக் கூட்டிட்டுப் போ, வந்த ஆளை விரட்டிராதேன்னு விட்டுட்டேன். என்ன கூட்டுனான்னு நான் கேட்டதில்ல. கேக்க நேரம் ஏது தம்பி? கடை அடைக்க ராத்திரி ஆயிரும். சரக்கு வந்து இறங்குற நாள்ல மூட்டையோட மூட்டையா அங்கேயே படுத்துக்கிடுவேன்.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. போன வருஷம் எங்க தெரு முக்குல இருக்க மெடிக்கல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு டப்பா வச்சான். பளபளன்னு குதிரைப் படம் போட்டது. அதுல 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது'ன்னு தங்கக் கலர்ல எழுதியிருந்தது. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. ரெண்டு தலைமுறை மருந்து, நமக்கு ஒரு வரி இல்ல.

எங்க கடைக்கு மெர்லின்னு ஒரு டாக்டரம்மா வருவாக. சித்த மருத்துவக் காலேஜ்ல வாத்தியார், நாகர்கோவில் பக்கம். மூலிகைச் சரக்கு நம்மகிட்டதான் எடுப்பாக. அவுககிட்ட கேட்டேன். "அம்மா, நிரூபிச்சாச்சுன்னு உங்க லெட்டர்பேடுல ஒரு வரி எழுதிக் குடுங்களேன்." அவுக சிரிச்சாக. "எழுதிக் குடுத்தா அது நிரூபணமா அண்ணாச்சி? முறையாப் பண்ணிப் பாத்துருவோமே"ன்னாக. நானும் என்ன ஏதுன்னு தெரியாம, பண்ணிருவோம்னுட்டேன்.

முறைன்னா என்னன்னா, வாரவுகளை ரெண்டு குரூப்பாப் பிரிக்கணுமாம். ஒரு குரூப்புக்கு நம்ம சூரணம். இன்னொரு குரூப்புக்கு மாவு. மாவுன்னா வெறும் மாவு தம்பி. வறுத்த கேப்பை மாவுல சுக்குப் பொடியும் கருப்பட்டியும் போட்டு, நம்ம சரக்கு மாதிரியே நிறமும் வாசமும் வர வச்சது. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. "நம்பி வந்தவனுக்கு மாவைக் குடுத்தா எங்க அப்பா ஆவி என்னைச் சும்மா விடாது"ன்னேன். "ஏமாத்த மாட்டோம் அண்ணாச்சி. மாவா இருக்கலாம், மருந்தா இருக்கலாம்னு எல்லாருக்கும் முதல்லயே சொல்லிருவோம். சம்மதிச்சாத்தான் சேப்போம்"ன்னாக. எது மாவு, எது மருந்துன்னு எனக்கும் தெரியக் கூடாது, அவுகளுக்கும் தெரியக் கூடாதாம். டின்னுல நம்பர் மட்டும். விவரம் காலேஜ்ல பூட்டுக்குள்ள.

எனக்கா தெரியாது? ஒரு டின்னைத் திறந்து நாக்குல வச்சுப் பாத்தேன். "இது நம்மது. சந்தேகமே இல்ல"ன்னு ஆவுடைகிட்ட சொன்னேன். பொறவு தெரிஞ்சது, அது மாவு.

ஆள் சேரணும்ல? இங்கதான் வேடிக்கை. டாக்டரம்மா நம்ம கடைக்குப் பின்னாலேயே ஒரு மேஜையைப் போட்டு உக்காந்துட்டாக. சின்ன வயசு. ஆனா கேக்க கேள்வியைக் கேட்டா நமக்குக் காது சுடுது. "கடைசியா எப்ப நாட்டம் வந்துச்சு? வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?" அப்படின்னு, மாட்டுக்குப் பால் எவ்வளவு கறக்கும்னு கேக்க மாதிரி கேக்காக. நான் கடுக்காய் மூட்டைக்குப் பின்னால போயி நின்னுக்கிடுவேன். வந்தவனெல்லாம், "என் நண்பருக்கு எப்படின்னா டாக்டர்"னு தொடங்குனான். "நண்பரையே வரச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்"ன்னுட்டாக. பாதிப் பேரு வாசல் வரைக்கும் போயிட்டு, தானே நண்பராத் திரும்பி வந்தான். தவசியும் வந்தாரு.

ஆவுடை அன்னைக்கு என்கிட்ட மெதுவா வந்து, "உங்க பேரையும் எழுதச் சொல்லட்டா"ன்னா. "எனக்கா? ஏளா, நான் மருந்து குடுக்கவன்"னேன். "சரி, மருந்து வேண்டாம். பத்தியமாவது இருந்து பாக்கலாம்ல"ன்னா. "சீக்கு இல்லாதவனுக்கு எதுக்குப் பத்தியம்?"னேன். நியாயமாத்தானே சொன்னேன்? எனக்கு ஒரு குறையும் கிடையாது தம்பி. நேரம்தான் கிடையாது. அவ உள்ள போயி, அடுப்புல இருந்த பாலை இறக்கி வச்சா.

ரெண்டு குரூப்புக்கும் பத்தியம் ஒரே மாதிரி இருக்கணும்னு டாக்டரம்மா கண்டிஷன். அதனால எல்லா வீட்டுப் பொம்பளைகளும் புறவாசலுக்கு வந்தாக. டாக்டரம்மாவும் கூட நின்னு கேட்டாக. கேட்டுட்டு வந்து என்னை ஒரு மாதிரியாப் பாத்தாக. ஏன் அப்படிப் பாத்தாகன்னு அப்ப எனக்கு விளங்கல.

ஒரு வாரம் போயிருக்காது. தவசி வந்து தலையைக் குனிஞ்சுகிட்டு நிக்காரு. "டாக்டர், மன்னிச்சுக்கோங்க. பத்தியம் முறிஞ்சு போச்சு." புளி சாப்பிட்டீரான்னு நான் கேக்கேன். புளி இல்லையாம். அரை மண்டலம் தொடக் கூடாதுன்னு சொன்னோம்ல, அது. மறுநாள் இன்னொருத்தன். அவனுக்கும் அதே இடத்துலதான் முறிஞ்சிருக்கு. சந்தையில களவு போன மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தனா வந்து முறிஞ்சு போச்சு, முறிஞ்சு போச்சுங்கான். நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன், பத்தியத்தைக் கெடுத்துட்டானுகளே, இனி மருந்து எப்படிப் பிடிக்கும்னு. டாக்டரம்மா மட்டும் சிரிச்ச முகமா எழுதிக்கிட்டே இருக்காக. "அண்ணாச்சி, நாட்டம் இல்லாம வந்தவர் பத்தியத்தை எப்படி முறிப்பாரு?" அப்பத்தான் எனக்கு உறைச்சது. ஊர் பூராவும் நம்ம மருந்து வேலை செய்யுது. அன்னைக்கே பிரஸ்ஸுக்குப் போயி, அந்த ஒரு வரியைத் தங்கக் கலர்ல எப்படி அடிக்கன்னு விசாரிச்சுட்டு வந்துட்டேன்.

ஆனி கடைசியில டாக்டரம்மா ரிசல்ட்டோட வந்தாக. நான் பால்கோவா வாங்கி வச்சிருந்தேன். "அண்ணாச்சி, உங்க சூரணம் சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு எழுபது பேருக்கு நல்ல முன்னேற்றம்"னாக. நான் அம்பாள் இருக்க திசையைப் பாத்துக் கும்பிட்டேன். அவுக கொஞ்சம் தயங்கி, "மாவு சாப்பிட்டவங்கள்ல எழுபத்தொண்ணு"ன்னாக.

நான் யோசிச்சேன். யோசிச்சுட்டு, "அப்ப ரெட்டை வெற்றிம்மா"ன்னேன். பின்ன என்ன தம்பி? நம்ம மருந்தும் வேலை செஞ்சிருக்கு, நாம குடுத்த மாவும் வேலை செஞ்சிருக்கு. கைராசி. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான், வெறும் திருநீறு குடுத்தாலே காய்ச்சல் இறங்கும்பாக. டாக்டரம்மாவுக்கு அது பிடிபடல. "அப்படி இல்ல அண்ணாச்சி. சூரணத்தால ஆச்சுன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு அர்த்தம்"னு பொறுமையா எடுத்துச் சொல்லுதாக. ரெண்டு குரூப்புக்கும் பொதுவா இருந்தது பத்தியம் ஒண்ணுதானாம். அதாலதானான்னு தெரியணும்னா இன்னும் ரெண்டு குரூப் வேணுமாம். மருந்தே இல்லாம பத்தியம் மட்டும் இருக்கவங்க ஒரு குரூப். பத்தியமே இல்லாம மருந்து மட்டும் சாப்பிடுதவங்க ஒரு குரூப். "அதுக்கு ஆள் கிடைக்கதுதான் கஷ்டம்"னாக.

ஆவுடை காப்பி கொண்டு வந்தவ நிலைப்படியில நிக்கா. நின்னுகிட்டு நிதானமாச் சொல்லுதா: "ரெண்டாவது குரூப்பு எங்க வீட்டுலயே இருக்கு டாக்டர். கல்யாணமான நாள்லேருந்து மருந்து மட்டும்தான். பத்தியம் ஒருநாள் கிடையாது. ரிசல்ட்டு வேணும்னா என்கிட்ட கேட்டு எழுதிக்கோங்க."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தாக. பொறவு மூடி வச்சுட்டு ஜன்னலைப் பாத்தாக. எனக்கு அவ என்ன சொல்லுதான்னு சட்டுனு பிடிபடல தம்பி. மனசு பூரா டின்னுலதான் இருந்துச்சு. "அதெல்லாம் இருக்கட்டும்மா, இப்ப டின்னுல அந்த வரியைப் போடலாமா கூடாதா?"ன்னு கேட்டேன்.

ஆவுடை காப்பியை மேஜையில வச்சா. ரெண்டு நாள்ல ஆடி பொறந்துச்சு. பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பிட்டா. "எப்ப வருவே?"ன்னேன். "உங்களுக்கு நேரம் இருக்கும்போது சொல்லி விடுங்க"ன்னா. நான் அதைச் சாதாரணமாத்தான் எடுத்துக்கிட்டேன்.

எங்க ஊர் ஆடித்தபசு பாத்திருக்கீங்களா? அம்பாள் சாமியைப் பாக்கணும்னு தபசு மண்டபத்துல போயித் தவம் நிப்பா. சாயங்காலம் சாமியே கிளம்பி அவ இருக்க இடத்துக்கு வருவாரு. ஊர் பூரா ரத வீதியில நிக்கும். வருஷா வருஷம் ஆவுடை, "கொஞ்ச நேரம் கடையைச் சாத்திட்டு வாங்களேன், சேந்து பாப்போம்"பா. தபசு அன்னைக்கு யாவாரம் எப்படி இருக்கும் தெரியுமா? எப்படிச் சாத்த? இந்த வருஷம் கூப்பிட ஆள் இல்ல. கடைக்குள்ள நின்னு மிளகு நிறுத்துக்கிட்டே வெளிய பாக்கேன். தவசியும் அவர் வீட்டம்மாவும் நிக்காக. அவுக தலையில மல்லியப்பூ, அவர் கையில அவுக செருப்பு, கூட்டத்துல தொலைஞ்சிரக் கூடாதுன்னு பத்திரமாப் பிடிச்சிருக்காரு. அந்த மீசைக்காரர். அங்கிட்டு ஒரு ஜோடி, இங்கிட்டு ஒரு ஜோடி. எல்லாம் நம்ம டின் வாங்கிட்டுப் போனவுக. சூரணமோ மாவோ, யார் கண்டா. சாமி வந்துட்டாருன்னு எல்லாரும் கை தூக்கிக் கும்பிடுதாக. நான் தராசைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன். வீட்டுக்குப் போனா பால் காயுத வாசமே இல்ல.

அதுக்கப்புறம் இன்னொரு இம்சை. புறவாசல்ல பொம்பளைக வந்து நிக்காக, "அக்கா இல்லையா? பத்தியம் கேக்கணுமே"ன்னு. நான் புளி, பாகற்காய், அகத்தின்னு சொன்னேன். "அதில்ல அண்ணாச்சி, மத்தது"ங்காக. எனக்கு மத்தது தெரியாது. என் சொந்த மருந்துக்குப் பத்தியம் எனக்குத் தெரியல. நேத்து தவசியைக் கூப்பிட்டு, "ஓய், அந்தப் பத்தியம் என்னதான் ஓய்?"னு கேட்டேன். அவரு கையைக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிச்சாரு.

"விளக்கு வைக்கதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும் அண்ணாச்சி. வந்ததும் போனை அணைச்சு அரிசி டின்னுக்குள்ள போட்டுரணும். சாப்பிட ரெண்டு பேரும் சேந்து உக்காரணும். சாப்பாடு எப்படி இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லணும், பேசாம எந்திரிச்சுப் போனா பித்தம் ஏறும். பால்ல மருந்தை அவதான் கலக்கணும். அது ஆறுத வரைக்கும் பேசிக்கிட்டிருக்கணும், யாவாரப் பேச்சு ஆகாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளி. அவ முதுகுக்கு நாமதான் தேய்ச்சு விடணும். வாரத்துல ஒருநாள் சேந்து நடந்து எங்கயாவது போயிட்டு வரணும், வண்டி ஆகாது, உடம்பு சூடு."

"இதுக்கும் தாதுவுக்கும் என்ன ஓய் சம்பந்தம்?"னேன். "அது எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல ஆவுடை அக்கா வந்தாத்தான் அடுத்த மண்டலம்னு சொல்லிட்டா. நான் கடையைப் பாத்துக்கிடுதேன், நீங்க போயிக் கூட்டிட்டு வாங்க"ன்னாரு.

ராத்திரி பூரா இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொண்ணா நினைச்சுப் பாக்கேன். நான் எத்தனை நாள் சாப்பிட்டுட்டுப் பேசாம எந்திரிச்சுப் போயிருப்பேன்? அவளுக்கு முதுகு எட்டாதுன்னு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பா? கெட்டிக்காரி தம்பி. இவ்வளவு பெரிய வைத்தியம் எங்கதான் படிச்சாளோ, எங்க அம்மா சொல்லிக் குடுத்திருக்கணும்.

விடிஞ்சதும் முடிவு பண்ணிட்டேன், அவளுக்குப் பிடிச்ச மாதிரி எதையாவது கொண்டு போகணும்னு. நம்மகிட்ட என்ன இருக்கு? அவிச்சுக் காய வச்சிருந்த சரக்கை எடுத்து, உக்காந்து புதுசா ஒரு சூரணம் இடிச்சேன். ஜாதிக்காய் ரெட்டைப் பங்கு, குங்குமப்பூ வேற. இப்படி ஒரு பதத்துல எங்க அப்பாகூட இடிச்சதில்ல. இந்தப் பையில இருக்கது அதுதான்.

ஏன் தம்பி சிரிக்கீங்க?

இல்ல, சிரிச்சீங்க. பரவால்ல, சொல்லுங்க. ம். ம். எத்தனாவது குரூப்புன்னா கேக்கீங்க? இதைக் கொண்டு போயி நீட்டுனா நான் எத்தனாவது குரூப்புலன்னா?

இருங்க, போன்.

அடிக்கட்டும். தவசிதான். கசகசா எங்கன்னு கேப்பாரு.

ரெண்டாவது குரூப்பு. அதேதானே. இத்தனை வருஷம் தின்னதைத்தானே இப்பவும் தூக்கிட்டுப் போறேன். நல்லவேளை கேட்டீங்க. இதைக் கொண்டு போயி நின்னா, நேரா கிரைண்டரை ஓட விட்டுருவா.

நீங்க என்னமோ கேக்க வந்து நிறுத்துன மாதிரி இருக்கே. சும்மா கேளுங்க. நண்பருக்கா? சரி, சரி. முகத்தைத் திருப்பாதீங்க, இந்தப் பேச்சை நான் நாள் தவறாமக் கேக்கேன். கல்யாணம் ஆயிருச்சா அவருக்கு? இந்த வைகாசியிலயா? அவரு பெண்டாட்டி எங்க? ஆடிக்குத் தாய்வீடு போயிருக்காளா. நாளைக்குக் கூப்பிடப் போறாராக்கும். அவருக்குச் சீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, பயம்தான். இந்தாங்க, பையையே வச்சுக்கோங்க. காசெல்லாம் வேண்டாம். ஆனா இந்த மருந்துக்கு ஆதாரம் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக, அதையும் சொல்லித்தான் குடுக்கணும் நான். அந்த மத்ததை அவர்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லுங்க. ஞாபகம் இருக்குல்ல? பால் ஆறுத வரைக்கும் யாவாரப் பேச்சு ஆகாது. கலக்குததுக்கு இந்தச் சூரணம் வேணும்னு இல்ல, கருப்பட்டி போட்டாலும் போதும்.

நானா? நான் வெறுங்கையோடதான் போறேன். அவகிட்ட என்ன சொல்லுவேன்னு இப்பத்தான் பிடிபட்டுச்சு. டாக்டரம்மா முதல்ல கேட்டாகல்ல, மருந்தே இல்லாம பத்தியம் மட்டும் இருக்கவங்க ஒரு குரூப் வேணும்னு? அதுக்கு ஆள் கிடைக்கலல்ல? நான் இருக்கேன்னு சொல்லப் போறேன். ஆராய்ச்சிக்காகத்தான் தம்பி. நீங்க வேற மாதிரி நினைக்காதீங்க. ஒரு மண்டலம் இருப்பேன். அவளுக்குத் திருப்தி இல்லன்னா இன்னொரு மண்டலம். கடை விளக்கு வைக்கதுக்குள்ள சாத்தும், போர்டு எழுதி மாட்டிருதேன். அவ இங்கதான் இருப்பேன்னா இங்கேயே வந்து இருக்கேன், மாவு ஆட்டிக் குடுக்கேன். நமக்கு மாவு புதுசா?

வந்துருச்சு. இதான் ஸ்டாப்பு. அந்தா தெரியுது பாருங்க, பச்சைக் கதவு, அதான் அவ அக்கா வீடு. இன்னும் விளக்கு வைக்கல. வாசல்ல யாரோ கோலப்பொடி டப்பாவோட நிக்காக. அவதான். அவளேதான்.

திரும்பவும் அடிக்குது. தம்பி, ஒரே ஒரு உதவி பண்ணிருங்க, பஸ்ஸு எடுக்கதுக்குள்ள. இதை எப்படி அணைக்கது? வாங்குன நாள்லேருந்து நான் அணைச்சதே இல்ல.